மாப்பிள்ளை வீட்டு மணல்

— கார்லண்ட், கதவத் திறங்க.

— மாட்டேன். நான் வண்டியிலயே இருந்துக்கறேன். ஒரு தட்டுல சாப்பாட்ட மூடிக் குடுத்தனுப்பு, போதும்.

— சாப்பாடா? பெத்த பொண்ணு கல்யாணத்துல, சர்ச்சுல, பாஸ்டர் பேசிட்டிருக்கும்போது நடுவுல எழுந்து பேசின மனுஷனுக்குச் சாப்பாடு வேற கேக்குதா?

— எழுந்திருக்கல. உக்காந்துகிட்டேதான் சொன்னேன். உள்ளதச் சொல்லணும்ல, ட்ரீவா.

— உக்காந்துகிட்டுச் சொன்னதே கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சு. மெஷின் சத்தத்துக்கு மேல கத்திக் கத்தி உங்களுக்கு மெதுவாப் பேசறதே மறந்து போச்சு. திறங்கன்னா திறங்க. இந்தப் பக்கம் தீயணைப்பு வண்டி, அந்தப் பக்கம் நீங்க, நடுவுல புது கவுனோட நான். மூச்சு விட்டா பொத்தான் தெறிச்சுடும்.

— திறந்துட்டேன். ஏறு. உள்ள எல்லாரும் என்ன பண்றாங்க?

— என்ன பண்ணுவாங்க? தீயணைப்பு நிலையத்து ஹால்ல வரிசையா உக்காந்து வெட்டாத கேக்க வேடிக்க பாத்துட்டிருக்காங்க. ஹாம் வச்ச ரொட்டியெல்லாம் காஞ்சு ஓடாப் போச்சு. பாஸ்டர் ஹாஸ்கெல் மூணு கிளாஸ் பழரசம் குடிச்சுட்டு நாலாவதுக்கு நிக்கறாரு.

— லேசி?

— உங்க பொண்ணு மணமேடை மேஜையில மூஞ்சியத் தூக்கி வச்சுட்டு உக்காந்திருக்கா. "அப்பா போயி டில்லனோட அம்மாகிட்ட மன்னிப்புக் கேக்கணும். அவங்க அழுகை நிக்கணும். அது வரைக்கும் கேக்கும் வெட்ட மாட்டேன், அப்பாகூட ஆடவும் மாட்டேன்"னு சொல்லிட்டா.

— ஆட மாட்டாளா?

— மாட்டா. அப்பாவுக்குப் பதிலா மாமா டுவைட்கூட ஆடிக்கறாளாம்.

— உன் தம்பிகூடயா? அவனுக்கு முட்டியே மடங்காதே!

— மடங்காத முட்டிய வச்சுகிட்டு ஆட அவன் தயாராத்தான் நிக்கறான். பெல்ட்ட ஒரு ஓட்டை இறுக்கிட்டான்.

— ட்ரீவா, மாசக்கணக்கா காரேஜுக்குள்ள தொடப்பத்தக் கட்டிப் புடிச்சுப் பழகியிருக்கேன் நான்.

— பாத்தேன். தொடப்பத்துக்குக் கால் இருந்திருந்தா அதுவும் நொண்டிகிட்டுதான் இருக்கும்.

— நான் அப்படி என்ன தப்பாச் சொல்லிட்டேன்?

— வரிசையாச் சொல்றேன், கேளுங்க. பொண்ணு ஒரு ஜாடி மணல ஊத்துனா. மாப்பிள்ளை டில்லன் ஒரு ஜாடி மணல ஊத்துனான். ரெண்டும் ஒரே கண்ணாடிக் குடுவையில விழுந்துச்சு. எல்லாரும் கண்ணத் தொடைச்சுகிட்டாங்க. பாஸ்டரு, "கலந்த இந்த மணல எப்படி ஒருத்தராலயும் பிரிக்க முடியாதோ, அப்படியே இவங்களயும் ஒருத்தராலயும் பிரிக்க முடியாது"ன்னாரு. எல்லாக் கல்யாணத்துலயும் சொல்றதுதான். அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?

— "என்னால முடியும்"னேன்.

— அதோட நிறுத்துனீங்களா?

— "சாயங்காலத்துக்குள்ள"ன்னேன்.

— அதோட நிறுத்துனீங்களா?

— பாஸ்டரு என்னையே உத்துப் பாத்தாரு. சரி, விளக்கம் கேக்கறாருன்னு நினைச்சேன்.

— விளக்கமா! மனுஷன் வாயத் திறந்தது திறந்தபடி நின்னாரு.

— அதுக்குத்தான், "ஆசிட் தொட்டியில போட்டா மாப்பிள்ளை பக்கம் பூராவும் கரைஞ்சு போயிடும், பொண்ணு பக்கம் மட்டும் சுத்தமா நிக்கும்"னு விளக்குனேன்.

— ஆண்டவரே! இப்ப மறுபடியும் சொன்னீங்களே, உங்க காதுக்கே எப்படிக் கேக்குது அது?

— உண்மை மாதிரிதான் கேக்குது.

— டில்லனோட பாட்டனுக்கு வயசு எம்பத்தாறு. கடல்ல எத்தனயோ புயலப் பாத்தவரு. அவரே சிலுவை போட்டுகிட்டாரு.

— அவங்களும் நம்ம பாப்டிஸ்ட்தானே, சிலுவை போட மாட்டாங்களே?

— அதான் சொல்றேன், என்னிக்குமில்லாத வழக்கமா இன்னிக்குப் போட்டுகிட்டாரு!

— ட்ரீவா, நீயே நியாயமாச் சொல்லு. நான் ஆலையில என்ன வேலை பாக்கறேன்?

— ஆரம்பிச்சுட்டாரு.

— மலைய உடைக்கறோம். உடைச்சதுல காக்காப்பொன் இருக்கும், துரு இருக்கும், இன்னது இருக்கும்னு சொல்ல முடியாத கண்டதும் இருக்கும். அத மாவாக்கித் தண்ணியில விட்டு, கீழருந்து காத்த ஊதினா, காக்காப்பொன் நுரையில தொத்திகிட்டு மேல வந்துடும். வழிச்சு வீசிடுவோம். இரும்பக் காந்தம் இழுத்துக்கும். மிச்சத்த ஆசிட் தின்னுடும். கடைசியில என்ன மிஞ்சும்?

— உங்க சிலிக்கா.

— சிலிக்கா! பச்சப்பிள்ளை மனசு மாதிரி ஒரு அழுக்கு இல்லாத மணல். கலந்ததப் பிரிக்கறதுதான் என் பொழப்பே. ஆளு உக்காந்திருக்கறது தெரிஞ்சும், "மணலப் பிரிக்கவே முடியாது"ன்னு எம்மூஞ்சிக்கு நேரா ஒருத்தரு சொல்றாரு. துணி வெளுக்கறவன் முன்னாடி நின்னு கறை போகவே போகாதுன்னு சொல்லிப் பாரு, அவன் சும்மா இருப்பானா?

— பாஸ்டரு உங்க ஆலையப் பத்தியா பேசுனாரு? கல்யாணத்தப் பத்திப் பேசுனாரு!

— அப்ப கல்யாணத்தப் பத்தி மட்டும் பேசியிருக்கணும். மணல எதுக்கு இழுக்கறாரு?

— இந்தச் சிலிக்காவக் கட்டிகிட்டு அழறது உங்களுக்குப் புதுசா? என்னை முதல் தடவ சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனீங்களே, காதுகிட்ட வந்து என்ன சொன்னீங்க? நான்கூட ஏதோ கேக்கப் போறீங்கன்னு கண்ண மூடிகிட்டேன்.

— "உன் பல்லு இப்படிப் பளிச்சுன்னு இருக்கே, பேஸ்ட்டுல சிலிக்கா போடறாங்க, அதான்"னேன். பல்லு அழகா இருக்குன்னுதானே அதுக்கு அர்த்தம்?

— அந்த அர்த்தம் எனக்கு ரெண்டாவது பிள்ளை பிறந்தப்புறம்தான் புரிஞ்சுச்சு. எங்கம்மா செத்தன்னிக்கு? துக்கம் கேக்க வந்தவங்க ஒவ்வொருத்தருக்கும் காப்பி ஊத்திக் குடுத்து, பால் பவுடரு ஏன் கட்டி தட்டாம உதிருதுன்னு பாடம் எடுத்தீங்க.

— எல்லாரும் பேச வேற விஷயமில்லாமத்தான் நின்னாங்க. உங்க சித்தப்பாகூட, "இது இத்தன நாளாத் தெரியாம இருந்துட்டேனே"ன்னு சொன்னாரு.

— ஜன்னல் கண்ணாடிய நான் தொடைச்சா, "மணலத் தொடைக்கற"ங்கறீங்க. பிள்ளைங்க போனத் தூக்குனா, "அதுக்குள்ள இருக்கற சிலிக்கான் சில்லு நம்ம மலை மண்ணுல செஞ்ச சட்டியில காய்ச்சினது"ங்கறீங்க. சரி, அதெல்லாம் வீட்டுக்குள்ள. அந்தப் பொட்டலம்?

— எந்தப் பொட்டலம்?

— தெரியாத மாதிரி கேக்காதீங்க. ஷூ டப்பாவுல, மாத்திரை டப்பாவுல வர்ற அந்தக் குட்டிப் பொட்டலத்தயெல்லாம் வருஷக்கணக்காச் சேத்து வச்சு, லேசி கவுன் பெட்டிக்குள்ள அள்ளிப் போட்டது யாரு?

— ஈரம் பட்டுப் பூசணம் புடிச்சுடக் கூடாதுன்னு போட்டேன். ஈரத்த உறிஞ்சறதுக்குன்னே அதுல சிலிக்கா இருக்கு. கவுன் எப்படி இருந்துச்சு சொல்லு? கடையில எடுத்த மாதிரியே இருந்துச்சா இல்லயா?

— இருந்துச்சு. மேடைக்கு முன்னாடி போயி நின்னதும் பாவாடை மடிப்புலருந்து ஒண்ணு சொத்துன்னு விழுந்துச்சு. பூத் தூவ வந்த வாண்டு அத எடுத்து, "சாப்பிடாதே"ன்னு எழுத்துக்கூட்டிச் சத்தமாப் படிச்சா.

— அது நான் கவனிக்கல.

— எப்படிக் கவனிப்பீங்க? கண்ணு பூராவும் ஜாடி மேலல்ல இருந்துச்சு.

— ஜாடிய விடு. நம்ம மணலப் பாத்தியா நீ? லேசி ஊத்தும்போது பாத்தியா?

— பாத்தேன். வெள்ளையா இருந்துச்சு.

— வெள்ளையா இருந்துச்சு! அவ்வளவுதானா? வீட்டுக்குப் பின்னாடி, அவ சின்னதுல ஊஞ்சல் கட்டி ஆடுன மரத்தடியில கிடந்த வெங்கச்சாங்கல்லுதான் அது. ஒவ்வொண்ணாப் பொறுக்குனேன். நானே உடைச்சேன், நானே சலிச்சேன், ஆலையில யாரும் பாக்காத நேரமாப் பாத்து எல்லாத் தொட்டியிலயும் ஒரு தடவ விட்டு எடுத்தேன். ஜன்னல் வெளிச்சம் பட்டதும் பனி மாதிரி மின்னுச்சு. ஒருத்தராவது "ஆகா"ன்னாங்களா? அது மேல அந்தப் பையன் என்னத்தக் கொட்டுனான்? மாவு மாதிரி, மங்கலா, கட்டி கட்டியா. கடல் மணலாம்! கடல் மணல் நல்லாக் கழுவி வந்த மணலுல்ல, கொட்டும்போது தூசு கிளம்புமா? எந்தக் கரையில வழிச்சுட்டு வந்தாங்களோ.

— அடுத்தவங்க வீட்டு மணலுக்குக் குத்தம் சொல்லாதீங்க.

— சொல்லல. சிப்பி மாவு. பூரா சிப்பி மாவு. ஆசிட்ட ஊத்துனா பொங்கிட்டுப் போயிடும்.

— கார்லண்ட்.

— என்ன?

— இத ஏன் என்கிட்டகூடச் சொல்லல? ஊஞ்சல் மரத்தடிக் கல்லுன்னு?

— சொல்லி என்ன ஆகப்போகுது? மணல்தானே.

— அவ கடல்கரைக்குக் குடி போறாள்னுதான் இத்தனயும். பாஸ்டரு பிரிக்க முடியாதுன்னதும், அங்க போனவள இனிமே திருப்பிக் கூட்டிட்டு வர முடியாதுன்னு உங்க காதுல விழுந்திருக்கு. உடனே, "ஏன் முடியாது, என்கிட்ட தொட்டியிருக்கு, காந்தமிருக்கு"ன்னு கிளம்பிட்டீங்க.

— அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல. நான் மணலப் பத்தித்தான் பேசுனேன்.

— சரி. கண்ணத் தொடைங்க.

— தூசு.

— வண்டிக்குள்ள என்ன தூசு?

— சிலிக்கா தூசு. அது எங்க வேணா இருக்கும்.

— இந்தாங்க, என் கைக்குட்டை. கண்மை ஒட்டியிருக்கும், பரவால்ல. இப்ப நான் சொல்றதக் கேளுங்க. சம்பந்தியம்மா லோனா பாவங்க. புருஷன் போயி இன்னும் ஒரு வருஷம்கூட ஆகல. முன் வரிசையில அந்த எல்வுட்டுக்குன்னு ஒரு நாற்காலியக் காலியாப் போட்டு, அவரு மீன்பிடிப் படகுல போடற தொப்பிய அது மேல வச்சு, பக்கத்துலயே உக்காந்திருந்தா. நீங்க வந்து, "மாப்பிள்ளை பக்கம் கரைஞ்சு போயிடும்"ங்கறீங்க. பாட்டு முடிஞ்சதும் எழுந்தா. தொப்பியயும் நாற்காலிக்கு அடியில இருந்த சாமானயும் வாரிகிட்டா. அங்கயே ஓன்னு அழ ஆரம்பிச்சவதான், இன்னும் சமையக்கட்டுக் கதவச் சாத்திகிட்டு அழறா.

— நான் என்ன செய்யணும்?

— மன்னிப்புக் கேக்கணும். "மணலப் பிரிக்கவே முடியாது. தெரியாம உளறிட்டேன்"னு சொல்லணும்.

— மன்னிப்பு வேணா எத்தன தடவ வேணும்னாலும் கேக்கறேன். ஆனா பிரிக்க முடியாதுன்னு எப்படிச் சொல்றது?

— வாயாலதான். எங்க, சொல்லிப் பாருங்க.

— பிரிக்க முடியா... சாதாரண ஆளுங்களால முடியாது.

— சாதாரண ஆளெல்லாம் வேண்டாம். மறுபடியும்.

— தகுந்த கருவி இல்லாம பிரிக்க முடியாது.

— கார்லண்ட்!

— பிரிக்கறது அவ்வளவு சுலபமில்ல.

— அங்க டுவைட் முட்டிக்கு எண்ணெய் தடவிட்டிருக்கான்.

— பிரிக்க முடியாது! போதுமா? முடியாது, முடியாது. முப்பது வருஷமாத் தின்ன சோத்துக்குத் துரோகம் பண்ணிட்டேன். திருப்தியா?

— அதுல கொஞ்சம் கருணையும் கலந்து சொல்லுங்க. இப்பச் சொன்னது ஏலம் விடற மாதிரி இருந்துச்சு.

— பிரிக்கவே முடியாதும்மா. ஆண்டவனே வந்தாலும் முடியாது.

— ஆ, இது நல்லாருக்கு. ஆண்டவன மட்டும் எடுத்துடுங்க, பாஸ்டர் காதுல விழுந்தா அதுக்கு வேற ஒரு மன்னிப்புக் கேக்கணும். அய்யோ, அந்தா லோனாவே வர்றாங்க. நேரா இங்கதான் வர்றாங்க. இறங்குங்க, இறங்குங்க. டையச் சரி பண்ணுங்க.

— சம்பந்தி, உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணும்.

— நீங்க பேசவே வேண்டாம்மா. நான்தான் பேசணும். தப்புப் பண்ணவன் நான்.

— இல்லயில்ல, அத விடுங்க. நீங்க சர்ச்சுல சொன்னீங்களே, அந்த மணல—

— அது வெறும் உளறல்மா! காதுலயே போட்டுக்காதீங்க.

— உளறலா?

— சுத்தமான உளறல். பொண்ணக் குடுக்கற நேரம், புத்தி மழுங்கிடுச்சு. மன்னிச்சுடுங்க.

— அப்ப, அதப் பிரிக்கறது... முடியாதா?

— முடியவே முடியாதும்மா.

— கொஞ்சங்கூடவா? ஒரு பிடி, அரைப்பிடி?

— ஒரு குருணை அளவுக்குக்கூட முடியாது. கலந்தது கலந்ததுதான். என்னால மட்டுமில்ல, இந்த மலையில எவனாலயும் முடியாது.

— பாத்தீங்களா லோனா, அவரே சொல்லிட்டாரு. இந்த விஷயத்துல இவர மிஞ்சி ஆளே கிடையாது. அவரு வாயாலயே முடியாதுன்னு வந்துடுச்சு. அய்யோ, இப்ப எதுக்கு அழறீங்க? இன்னும் நல்லா அழுத்திச் சொல்லுங்க கார்லண்ட்!

— எங்க ஆலையிலயே முடியாதும்மா! நுரையில விட்டாலும் வராது, காந்தம் வச்சாலும் வராது!

— ஆனா அவ்வளவு உறுதியாச் சொன்னீங்களே சம்பந்தி. சாயங்காலத்துக்குள்ளன்னு சொன்னீங்களே. அத நம்பித்தான் முகத்தக் கழுவிகிட்டு வந்தேன்.

— நம்பி வந்தீங்களா? ஏங்க, என்னங்க இவங்க சொல்றாங்க? லோனா, நீங்க இவரு மேல கோவப்பட்டுத்தானே அழுதீங்க?

— கோவமா? சம்பந்தி மேல எனக்கு எதுக்குக் கோவம்? அந்த சர்ச்சுல எனக்கு ஆறுதலா பேசுன ஒரே ஆளு அவருதான், அப்ப அது எனக்குப் புரியல.

— எனக்கும் ஒண்ணும் புரியலம்மா.

— மகன் கல்யாணத்துல அப்பன் இல்லாமப் போகக் கூடாதுன்னு எல்வுட்டயும் கூட்டிட்டு வந்தேன். அவரு சாம்பல் இருக்கற கலசம் பெருசு, கார்ல உருளுது. அதனால வீட்டுல அத்திப்பழ ஜாம் போடற ஜாடி ஒண்ணுல மாத்திகிட்டேன். நாற்காலிக்கு அடியில வச்சா யாருக்கும் தெரியாது, தொப்பி மேல, அவரு கீழ. டில்லன் ஊத்தறதுக்குன்னு கரையில அள்ளுன மணலயும் அதே மாதிரி ஜாடியிலதான் போட்டிருந்தேன்.

— லோனா...

— பாட்டு முடிஞ்சு, அவர எடுத்துகிட்டுப் போகலாம்னு குனிஞ்சேன். ஜாடிக்குள்ள ஒரு சங்கு என்னப் பாத்துச்சு. முதல்ல சொன்னதயே இன்னொரு தடவ சொல்லுங்க சம்பந்தி, பிரிச்சுடலாம்னு சொல்லுங்க. என் பிள்ளை எல்லாரு முன்னாடியும் சிரிச்சுகிட்டே கொட்டுனது மணல் இல்ல, அவங்கப்பா.